டாங்கிக் கடனும் ஆறாண்டுச் சிறையும்: நாஸனின் ஸகாரி-ராட்க்ளிஃப் வழக்கு

2021 செப்டம்பர் 23 அன்று லண்டனில், நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், ஆள் ஏறி நின்று ஆடக்கூடிய அளவில் ஒரு பரமபதப் பலகை விரிக்கப்பட்டிருந்தது. அதில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தையுடன் கட்டம் கட்டமாக நகர்ந்து ஆடினாள். அவளுடைய தாய் நாஸனின் ஸகாரி-ராட்க்ளிஃப் ஈரானில் பிடித்து வைக்கப்பட்டு அன்றோடு 2,000 நாட்கள் ஆகியிருந்தன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக நம் வீடுகளில் ஆடிய ஆட்டம்தான் இது. இந்தியாவிலிருந்தே இங்கிலாந்துக்குப் போனது. ஏணியில் ஏறிவிட்டோம் என்று மூச்சு விடும்போது அடுத்த கட்டத்தில் பாம்பு வாய் திறந்திருக்கும். விளக்கவுரை ஏதும் இல்லாமலே அந்தக் குடும்பத்தின் ஐந்தரை ஆண்டுகளைச் சொல்லிவிடக்கூடிய ஆட்டம் அது.

அதை ஏற்பாடு செய்தவர் நாஸனினின் கணவர் ரிச்சர்ட் ராட்க்ளிஃப். தொழிலால் அவர் ஒரு கணக்காளர். அந்தத் தொழில் இந்த வழக்கில் தற்செயலான விவரமாக எனக்குத் தோன்றவில்லை. மனைவியைப் பிடித்து வைத்தது டெஹ்ரான் என்றாலும், அவரை விடுவிக்கும் வழி லண்டனில், தன் சொந்த அரசின் கணக்குப் புத்தகத்தில் தீர்க்கப்படாமல் கிடந்த ஒரு பழைய வரவு செலவில் இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அதைத் தன் அரசையே ஒப்புக்கொள்ள வைக்க அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பாதையைத்தான் இங்கே ஆராய்கிறோம்.

விமான நிலையத்தில்

டெஹ்ரானில் பிறந்த நாஸனின் 2007இல் மேற்படிப்புக்காக லண்டன் வந்து, 2009இல் ரிச்சர்டை மணந்துகொண்டார். பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்றார். கைதானபோது தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையில் திட்ட மேலாளராக வேலை பார்த்து வந்தார். ஈரானில் அந்த அறக்கட்டளைக்கு எந்தப் பணியும் இருந்ததில்லை. 2016 மார்ச் 17 அன்று, பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸைப் பெற்றோருடன் கொண்டாட, இரண்டு வயதுகூட நிரம்பாத மகளைத் தூக்கிக்கொண்டு டெஹ்ரான் சென்றார். ஏப்ரல் 3 அன்று லண்டனுக்குத் திரும்ப இமாம் கொமெய்னி விமான நிலையத்துக்கு வந்தபோது, ஈரான் ஆட்சியின் தனிப் படையான புரட்சிகரக் காவல் படையினர் அவரைத் தனியே அழைத்துச் சென்றனர். குழந்தை பாட்டி, தாத்தாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு பறிமுதல் செய்யப்பட்டது. நாஸனின் தலைநகரிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே உள்ள கெர்மான் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். பிறகு டெஹ்ரானின் எவின் சிறைக்கு மாற்றப்பட்டார். ஆட்சியை ‘மென்மையாகக் கவிழ்க்க’ முயன்றதாகக் காவல் படை அறிக்கை விட்டது. 2016 செப்டம்பரில் ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரலுக்குள் மேல்முறையீட்டு வாய்ப்புகள் அத்தனையும் தீர்ந்துபோயின.

கடவுச்சீட்டு இல்லாத குழந்தை டெஹ்ரானில் தங்கியது. தந்தைக்கு ஈரான் விசா கிடைக்கவில்லை. மழலையில் ஆங்கிலம் பேசத் தொடங்கியிருந்த பிள்ளை, பாட்டி வீட்டில் பாரசீகம் மட்டுமே பேசி வளர்ந்தது. வாரம் ஒருமுறை சிறைக்குப் போய் அம்மாவைப் பார்த்தது. கணினித் திரையில் தெரிந்த அப்பாவுக்கோ அந்த மொழி சரிவரத் தெரியாது. மகள் சொல்வதை இடையில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிறைத் தண்டனையின் கணக்கில் யாரும் சேர்க்காத செலவு இது.

சட்டம் எதுவரை கை கொடுத்தது

வெளிநாட்டில் ஒருவர் கைதானால், அவருடைய நாட்டுத் தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கவும் வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யவும் 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஈரானில் பிறந்தவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அதன் கண்ணுக்கு ஈரானியர் மட்டுமே. ஆகவே பிரிட்டிஷ் தூதரகம் நாஸனினைச் சிறையில் சந்திக்க அனுமதிக்கப்படவில்லை. அவர் பிடித்து வைக்கப்பட்டிருப்பது தன்னிச்சையானது என்று இத்தகைய காவல்களை ஆராயும் ஐக்கிய நாடுகளின் பணிக்குழு 2016இலேயே கருத்துரைத்தது. அந்தக் கருத்துக்குத் தார்மீக எடை உண்டு. கதவைத் திறக்கும் அதிகாரம் இல்லை.

எஞ்சியிருந்த ஒரே சட்ட ஆயுதம் ‘ராஜதந்திரப் பாதுகாப்பு’. ராஜதந்திரிகளுக்கு உள்ள சட்ட விலக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தன் குடிமகனுக்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தனக்கே இழைக்கப்பட்டதாக ஓர் அரசு ஏற்று, தனிநபர் வழக்கை இரு அரசுகளுக்கு இடையிலான தகராறாக உயர்த்துவதே இதன் பொருள். பிரிட்டன் மிக அபூர்வமாகவே கையில் எடுக்கும் இந்த வழியைக் குடும்பமும் அதன் வழக்கறிஞர்களும் தொடர்ந்து கோரினார்கள். 2019 மார்ச் 8 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெரமி ஹண்ட் அதை வழங்கினார். ஈரான் அதை ஏற்க மறுத்தது எதிர்பார்த்ததுதான். வழங்கிய பிரிட்டனும் அதைக் கொண்டு எந்தச் சர்வதேச மன்றத்தின் படியும் ஏறவில்லை என்பதுதான் உறுத்துகிறது. ஏணி கொடுக்கப்பட்டது, அதைச் சாய்த்து வைக்கச் சுவர் காட்டப்படவில்லை.

மௌனமும் அதன் விலையும்

கைது நடந்ததும் வெளியுறவு அமைச்சகம் ரிச்சர்டுக்குச் சொன்ன அறிவுரை, வெளியே பேச வேண்டாம் என்பது. விஷயம் பெரிதானால் எதிர்த்தரப்பு இறங்கி வரக் கூச்சப்படும், திரைமறைவில் பேசினால் காரியம் நடக்கும் என்ற வாதத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. அப்படி முடிந்த வழக்குகளும் உண்டு. அவர் ஏறக்குறைய ஐந்து வாரங்கள் காத்திருந்தார். 2016 மே மாதத்தில் இணையத்தில் ஒரு விண்ணப்பத்தைத் தொடங்கி, மனைவியின் பெயரையும் படத்தையும் பொதுவெளியில் வைத்தார். அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. பிறந்தநாள், மணநாள், கைதான நாள், நவ்ரோஸ் என்று நாட்காட்டியின் ஒவ்வொரு நாளும் ஒரு நிகழ்ச்சியாக, ஒரு மனுவாக மாறியது. அவருடைய தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் துலிப் சித்திக் அவையில் விடாமல் கேள்வி எழுப்பினார்.

பேசுவதால் ஆபத்து வரும் என்று குடும்பத்தை எச்சரித்த அமைச்சகத்தின் தலைமையிலிருந்தே பேச்சால் வந்த மிகப்பெரிய ஆபத்தும் வந்தது. 2017 நவம்பர் 1 அன்று நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவின் முன், அப்போதைய வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன், தாம் அறிந்தவரை நாஸனின் அங்கே மக்களுக்கு இதழியல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். அது உண்மையல்ல, பெற்றோரைப் பார்க்கப் போனவர் அவர். மூன்றே நாட்களில் நாஸனின் எதிர்பாராமல் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டு, அந்த வார்த்தைகள் அவருக்கு எதிரான சான்றாக முன்வைக்கப்பட்டன. ஜான்சன் அவையில் மன்னிப்புக் கேட்டார். டிசம்பரில் டெஹ்ரானுக்கும் போய் வந்தார். ஆனால் சொன்ன சொல் கோப்பில் ஏறிவிட்டது. 2022 மே மாதம், அப்போது பிரதமராக இருந்த ஜான்சனை அவருடைய அலுவலகத்திலேயே சந்தித்தபோது, அந்த வார்த்தைகளின் நிழலில்தான் நாலரை ஆண்டுகள் வாழ்ந்தேன் என்று நாஸனின் அவரிடம் நேரில் கூறினார்.

கடன்

இனி கணக்குக்கு வருவோம். 1970களில் மன்னர் ஷாவின் ஆட்சியில் இருந்த ஈரான், பிரிட்டனிடம் 1,500க்கும் மேற்பட்ட சீஃப்டன் டாங்கிகளும் அவற்றுக்குத் துணையான வண்டிகளும் கேட்டு ஒப்பந்தம் செய்தது. விற்பனையை நடத்தியது பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொந்தமான இன்டர்நேஷனல் மிலிட்டரி சர்வீசஸ் என்ற நிறுவனம். ஒப்பந்த மதிப்பு சுமார் 650 மில்லியன் பவுண்டு. பெரும்பகுதிப் பணம் முன்கூட்டியே வாங்கப்பட்டது. 1979இல் ஷா வீழ்ந்தபோது 185 டாங்கிகள் மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தன. புதிய ஆட்சிக்கு ஆயுதம் தர பிரிட்டன் மறுத்தது. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராததற்குத்தான் நியாயம் கிடைக்கவில்லை. சர்வதேச வணிகச் சபையின் நடுவர் மன்றம் 2001இல் ஈரானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரிட்டன் மேல்முறையீடு செய்தது, வட்டியைப் பற்றி வழக்காடியது. ஈரான் பாதுகாப்பு அமைச்சகம் ஐரோப்பியத் தடைப்பட்டியலில் வந்த பிறகு, தடையைக் காரணம் காட்டியது. சுமார் 400 மில்லியன் பவுண்டு அப்படியே நின்றது.

இந்தக் கடனுக்கும் ஒரு பெண்ணின் சிறைக்கும் முடிச்சுப் போடலாமா? இரு அரசுகளும் நீண்ட காலம் கூடாது என்றே சொல்லிவந்தன. ஆனால் விசாரணையாளர்களே கடனைப் பற்றித் தம்மிடம் பேசியதாக நாஸனின் குடும்பத்துக்குத் தெரிவித்தார். தேதிகளை அடுக்கிப் பார்த்தாலும் முடிச்சு தெரிகிறது. 2016 ஜனவரியில், இதே போன்ற ஷா காலத்து ஆயுத ஒப்பந்தம் ஒன்றின் பணத்தை ஈரானுக்குத் திருப்பித் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அதன் முதல் தவணையான 400 மில்லியன் டாலர் ரொக்கமாக விமானத்தில் சென்றது. அதே வேளையில்தான் இதழாளர் ஜேசன் ரெஸாயன் உள்ளிட்ட அமெரிக்கர்கள் விடுதலையானார்கள். நாஸனின் பிடிபட்டது அதற்கு மூன்று மாதத்துக்குள். பின்னர் 2020 நவம்பரில், லண்டன் உயர் நீதிமன்றத்தில் கடன் வழக்கும் டெஹ்ரானில் நாஸனின் மீதான புதிய வழக்கும் ஒரே வாரத்தில் வருவதாக இருந்து, இரண்டுமே ஒத்திவைக்கப்பட்டன. ஒரு கணக்காளர் இதைப் பார்த்துத் தற்செயல் என்று கோப்பை மூடிவிடமாட்டார்.

ரிச்சர்டின் வாதம் எளிமையானது. தன் மனைவி பணயக் கைதி. அதற்காக அரசு பணயத்தொகை கொடுக்க வேண்டாம். கொடுக்க வேண்டியதாக நீதிமன்றங்களே சொன்ன கடனைக் கொடுத்தால் போதும். எதிர்வாதமும் வலுவற்றதல்ல. கடன் நேர்மையானதாகவே இருந்தாலும், கைதியைக் காட்டி அது வசூலாகிவிட்டால், அடுத்த வசூலுக்கு அடுத்த கைதி பிடிபடுவார். இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கைதுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பான கடனை அப்போதே அடைத்திருந்தால், பிடித்துக்கொள்ள அந்தக் கயிறே இருந்திருக்காது. 2020 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் கடனை ஒப்புக்கொண்டு, அதைச் செலுத்த வழி தேடுவதாகக் கடிதத்தில் எழுதினார். பதவியிலிருந்து விலகிய பின் ஜெரமி ஹண்ட்டும் இது பணயத்தொகை அல்ல, கடன் என்று வெளிப்படையாகப் பேசினார். கணவர் ஆண்டுக்கணக்கில் சொன்ன வாக்கியம் கடைசியில் அமைச்சர்களின் வாயிலிருந்து வந்தது. பிரசாரத்தின் உண்மையான வெற்றி எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இரண்டு பட்டினிப் போராட்டங்கள்

2019 ஜூன் 15 அன்று எவின் சிறைக்குள் நாஸனின் உணவை மறுத்தார். அதே நாளில் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் உள்ள ஈரான் தூதரகத்தின் வாசலில் ரிச்சர்டும் பட்டினி தொடங்கினார். தூதரகம் உலோகத் தடுப்புகளை நிறுத்தி முகப்பை மறைத்துக்கொண்டது. மறைத்ததாலேயே கூட்டம் கூடியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் வந்து நடைபாதையில் அமர்ந்து பேசினார்கள். போராட்டம் 15 நாட்கள் நீண்டது. அடுத்த மாதம் நாஸனின் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அக்டோபரில் ஐந்து வயது மகள், பள்ளியில் சேர்வதற்காக லண்டனுக்கு அனுப்பிவைக்கப்பட்டாள். மகள் தந்தையிடம் வந்துவிட்டாள் என்பது பாதி உண்மைதான்; அதுவரை வாரந்தோறும் கிடைத்த சந்திப்பைத் தாய் தானே விட்டுக்கொடுத்தார் என்பது மறுபாதி.

இரண்டாவது போராட்டத்துக்கு ரிச்சர்ட் தேர்ந்தெடுத்த இடம் முதலாவதிலிருந்து வேறுபட்டது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது நாஸனின் கணுக்காலில் மின்னணுப் பட்டையுடன் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். வீட்டைச் சுற்றி 300 மீட்டர்தான் எல்லை. 2021 மார்ச் 7 அன்று ஐந்து ஆண்டுத் தண்டனை முடிந்து பட்டை அகற்றப்பட்டது. ஒரு வாரத்துக்குள் புதிய வழக்கு. 2009இல் லண்டன் ஈரான் தூதரகத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதும் பிபிசி பாரசீகச் சேவைக்குப் பேட்டி கொடுத்ததும் குற்றமாகி, ஏப்ரலில் மேலும் ஓர் ஆண்டுச் சிறையும் ஓர் ஆண்டுப் பயணத் தடையும் விதிக்கப்பட்டன. அக்டோபரில் மேல்முறையீடு தோற்றது. அந்தச் செய்தி வந்த சில நாட்களில், அக்டோபர் 24 அன்று, ரிச்சர்ட் போய்க் கூடாரம் போட்டது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்தின் வாசலில். முதல் பட்டினி பிடித்து வைத்தவரை நோக்கியது. இரண்டாவது, மீட்கக் கடமைப்பட்டவரை நோக்கியது. இந்த இடமாற்றத்திலேயே வழக்கைப் பற்றிய அவருடைய முடிவு அடங்கியிருந்தது. குளிர் இறங்கத் தொடங்கிய லண்டன் தெருவில் அவர் 21 நாட்கள் கிடந்தார். நவம்பர் 11 அன்று ஈரானின் துணை வெளியுறவு அமைச்சர் லண்டன் வந்து பிரிட்டிஷ் அதிகாரிகளைச் சந்தித்தார். அன்றே ஓர் இணையமைச்சரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ரிச்சர்டிடம் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. உடல் நலம் கருதி 13ஆம் தேதி போராட்டத்தை முடித்துக்கொண்டார்.

2022 மார்ச்

முடிவு வந்தபோது விரைவாக வந்தது. மார்ச் 16 அன்று வெளியுறவு அமைச்சர் லிஸ் டிரஸ், ஈரானுக்கான 393.8 மில்லியன் பவுண்டு செலுத்தப்பட்டுவிட்டதாகவும், அது மனிதாபிமானத் தேவைகளுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும் என்றும் அவையில் அறிவித்தார். விடுதலையும் கடனும் தனித்தனித் தடங்களில் நகர்ந்தவை என்பது அதிகாரபூர்வ விளக்கம். இரண்டு தடங்களும் ஒரே நாளில் ஒரே நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. எத்தனையோ ஆண்டுகள் கடக்க முடியாத சுவராகச் சொல்லப்பட்ட பொருளாதாரத் தடை, பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற ஒரு நிபந்தனையோடு கடக்கப்பட்டுவிட்டது.

கிளம்பும் நேரத்திலும் ஒரு பாம்பு இருந்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தில் விமான நிலையத்தில் தம்மிடம் வலுக்கட்டாயமாகக் கையெழுத்து வாங்கினார்கள் என்றும், அப்போது பிரிட்டிஷ் அதிகாரி உடன் இருந்தார் என்றும் நாஸனின் பின்னர் வெளிப்படுத்தினார். ஓமான் வழியாக வந்த விமானம் மார்ச் 17 அதிகாலையில் பிரைஸ் நார்ட்டன் விமானப் படைத் தளத்தில் இறங்கியது. அவர் நவ்ரோஸுக்காக லண்டனை விட்டுப் புறப்பட்ட அதே தேதி. சரியாக ஆறு ஆண்டுகள். கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் 2,173 நாட்கள். தளத்தில் காத்திருந்த மகள், விமானத்திலிருந்து இறங்கி வருபவர்களைப் பார்த்து, “அதுதான் அம்மாவா?” என்று கேட்கும் குரல் அன்று வெளியான காணொளியில் பதிவாகியுள்ளது.

நான்கு நாட்கள் கழித்து நடந்த செய்தியாளர் சந்திப்பில், வெளியுறவு அமைச்சருக்கு நாஸனின் நன்றி சொல்வார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கணவர் நன்றி சொன்னார். நாஸனின் அதில் தமக்கு உடன்பாடில்லை என்று அமைதியாக மறுத்து, ஒருவர் வீடு திரும்ப எத்தனை வெளியுறவு அமைச்சர்கள் வேண்டும், ஐந்து பேரா என்று கேட்டார். இப்போது நடந்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்றார். ஹாமண்ட், ஜான்சன், ஹண்ட், ராப், டிரஸ் என்று எண்ணிக்கை சரியாகவே வருகிறது. நன்றி கெட்டவர் என்று சமூக ஊடகங்களில் ஒரு கூட்டம் அவரை ஏசியது. கொடுக்க வேண்டிய கடனைக் காலம் கடந்து கொடுத்தவருக்கு, அந்தத் தாமதத்தின் வட்டியைத் தன் உடலால் கட்டியவர் எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் நாடாளுமன்ற வெளியுறவுக் குழு வெளியிட்ட அறிக்கை, இத்தகைய வழக்குகளை அரசு கையாளும் முறையைக் குறை கூறி, தன்னிச்சைக் காவல்களுக்கென்று தனிப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கப் பரிந்துரைத்தது.

அன்று அந்த விமானத்தில் நாஸனினுடன் வந்தவர் அனூஷே அஷூரி. தாயைப் பார்க்கப் போன இடத்தில் 2017 ஆகஸ்டில் பிடிபட்டு, பத்து ஆண்டுத் தண்டனை பெற்ற ஓய்வுபெற்ற பொறியாளர். மூன்றாவதாக ஒருவர் இருந்தார். வனவிலங்குப் பாதுகாவலர் மொராத் தாஹ்பாஸ், 2018 ஜனவரியில் கைதானவர்; லண்டனில் பிறந்து, ஈரான், பிரிட்டன், அமெரிக்கா மூன்றின் குடியுரிமையும் கொண்டவர். கடன் அடைக்கப்பட்ட நாளில் அவருக்குக் கிடைத்தது தற்காலிக விடுப்பு மட்டுமே. இரண்டே நாளில் மீண்டும் எவின் சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கணக்கில் பிரிட்டனிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. ஈரானும் அமெரிக்காவும் தங்களுக்குள் வேறொரு கணக்கைத் தீர்த்த 2023 செப்டம்பரில்தான் அவர் ஈரானை விட்டு வெளியேறினார்.